விளக்கேற்றத் தவறாத நான்கு மாதங்கள்

அம்மாதான் முதலில் கணக்கு வைத்தார். மாதவிலக்கு நாள்களில் நான் சாமி விளக்கைத் தொடுவதில்லை. அப்போதெல்லாம் அவர் ஏற்றுவார். "நான்கு மாதமாக நீயேதான் ஏற்றுகிறாய்" என்றார் ஒருநாள். எனக்கு 26 வயது, திருமணமாகவில்லை. அவர் கேட்காமல் விட்ட கேள்வி அன்றிரவு முழுவதும் எங்கள் மூவறை வீட்டில் உலவிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரில் எங்கள் பேட்டை அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் முதலில் சிறுநீரைத்தான் சோதித்தார்கள். கருவில்லை என்றதும் அம்மா விட்ட பெருமூச்சு மூன்று வரிசை தாண்டிக் கேட்டிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் நிபுணரிடம் போனால் கட்டணச் சலுகை உண்டு. ஆண் ஹார்மோன், தைராய்டு, சர்க்கரை என்று இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனுக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, பெயர் கூப்பிடும்வரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி என்றார் டாக்டர். "நீர்க்கட்டிதானே, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா?" என்றார் அம்மா. பெயர் செய்த குழப்பம். அவை கட்டிகளே அல்ல, முதிராமல் பாதியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகள் என்று டாக்டர் வரைந்து காட்டினார். ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் பைகள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு நோய் இல்லை என்றும் உறுதியானால் பிசிஓஎஸ்தான். எனக்கு மூன்றும் இருந்தன. என் பின்கழுத்துக் கருமையை அம்மா பல வருடம் பீர்க்கங்காய் நாரால் தேய்த்திருக்கிறார். அது அழுக்கல்ல, இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காததன் அடையாளம்.

மாதவிலக்கு மாதக்கணக்கில் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பின்னாளில் புற்றுநோய் அபாயம் கூடுமாம். 10 நாள் மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைத்தார்கள். இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கிய புதிதில் எந்த எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கழிப்பறை எங்கே என்பது எனக்கு மனப்பாடம். அளவைக் குறைத்து, சாப்பாட்டோடு சேர்த்துப் போட்ட பிறகே வயிறு அடங்கியது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஆண் ஹார்மோன் மிகுதியால் வளர்ந்த மோவாய் முடியைத்தான் தாங்க முடியவில்லை. எடையைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள், பிள்ளை பிறக்குமா என்று சித்திகூடக் கேட்டார். முகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தெரிந்தவர் கண்ணில் படாத நேரம் பார்த்து, தேக்காவில் நூல் போட்டு முடி எடுக்கும் அக்காவிடம் போவேன். ஒருமுறை நாற்காலியிலேயே அழுதேன். வலியென்று நினைத்து அவர் இன்னும் கொஞ்சம் பவுடர் பூசிவிட்டார்.

அதற்கு டாக்டர் தந்தது கருத்தடை மாத்திரை. பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும் என்றார். பெயருக்குப் பயந்து அலமாரியில் துணிக்கடியில் ஒளித்து வைத்தேன். அம்மா கண்டுபிடித்து, அட்டையின் பின்பக்கம் முழுவதையும் படித்துவிட்டு, விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். விளக்கேற்றும்போது மறக்காமல் போட்டுக்கொள்ளலாமாம். 21 நாள் போட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். இரத்தப்போக்கு அந்த வாரத்தில்தான் வரும். "அந்த வாரம் உனக்கு மாத்திரையும் இல்லை, விளக்கும் இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.