ரேஷன் கடை நேர்காணல்: "எங்கே எழுதுவீங்க?" என்பதற்குப் பதில் வைத்திருங்க

ரேஷன் கடை விற்பனையாளர், கட்டுநர் (பொருளை எடை போட்டுக் கட்டித் தருபவர்) வேலைக்கான தேர்வுப் பட்டியல் வந்துவிட்டது. பெயர் வந்தவர்களுக்கு வாழ்த்துகள். வராதவர்கள் மனசை விட வேண்டாம். அடுத்த அறிவிப்புக்குள் விதி பற்றிய கேள்விகளை மட்டும் தனியாக எடுத்துப் பழகுங்க. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அந்தியோதயா அட்டைக்கு (மிக ஏழைக் குடும்பங்களுக்கானது) 35 கிலோ அரிசி என்பதெல்லாம் ஒரே ராத்திரியில் மனப்பாடம் ஆகிவிடும். விதிக் கேள்விகள் அப்படி ஆகாது.

"விதியை மதிப்பீங்களா?" என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. கடையில் நடக்கும் ஒரு சங்கடத்தைச் சொல்லி, என்ன செய்வீங்க என்பார்கள். "நான் நேர்மையா இருப்பேனுங்க சார்" என்று ஆரம்பித்தால், "சரி, எப்படி?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் முழிக்கிறோம். பதிலில் மூன்று விஷயம் இருக்கணும்: எதிரில் நிற்பவருக்கு என்ன சொல்வீங்க, யாருக்குத் தெரிவிப்பீங்க, எங்கே எழுதுவீங்க. மூன்றாவதை விட்டால் முதல் இரண்டும் வெறும் பேச்சு.

ஒரு கேள்வியை முழுசாகப் பார்ப்போம். "50 கிலோ மூட்டை 48 கிலோதான் இருக்கு. என்ன பண்ணுவீங்க?"

கையிலிருந்து ஈடு கட்டுவேன் என்பது தப்பு. அட்டைக்கு நூறு நூறு கிராம் குறைப்பேன் என்பது அதைவிடப் பெரிய தப்பு. லாரி நிற்கும்போதே எடை போடணும். சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன், வந்த எடையை அதிலேயே எழுதி, கொண்டுவந்தவரிடமும் கையெழுத்து வாங்கணும். பிஓஎஸ் கருவியில் (கடையில் பில் போடும் கருவி) வரவை ஏற்பது அதற்கப்புறம்தான். அன்றைக்கே, கடையை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். 50 என்று ஏற்றுவிட்டால் அந்த 2 கிலோ உங்கள் கணக்கில் விழுந்த மாதிரி. தணிக்கையில் இருப்புக் குறைவு வந்தால், தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983, பிரிவு 87-இன்படி தண்டத்தீர்வை (நஷ்டத்தை உங்களிடமே வசூலிப்பது) வரைக்கும் போகும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. வேலையின் பொறுப்பு தெரிந்த ஆள் என்று அதிலேயே புரிந்துவிடும்.

அடுத்தது மேலிருந்து வரும் வாய் உத்தரவு. "சங்கத் தலைவர் சொல்றாரு, வராத பத்துக் கார்டுக்கு பில் போடு." உடனே லஞ்ச ஒழிப்புக்குப் போன் போடுவேன் என்று வீரம் பேச வேண்டாம். பணிவாக, ஆனால் உறுதியாக: "பில் போட்டா அந்த அட்டைக்காரருக்கு மெசேஜ் போயிருமுங்க சார். அட்டைக்காரர் வராம போட முடியாதுங்க. செயலாளருக்கு எழுதிக் கொடுத்துடறேனுங்க."

எல்லா வாய் உத்தரவும் தப்பானது இல்லை, அந்த வித்தியாசமும் தெரியணும். முறையான உத்தரவு என்றால் செய்யலாம், ஆனால் எழுத்தில் உறுதி கேட்கணும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் விதி 3 இதைத்தான் சொல்கிறது: வாய்மொழி உத்தரவு பெற்றவர் சீக்கிரமே எழுத்தில் கேட்டு வாங்கணும், கொடுப்பது மேலதிகாரியின் கடமை. மாநில அரசு ஊழியர்களுக்கு 1973 நடத்தை விதிகள் தனியாக உண்டு. ரேஷன் விற்பனையாளர் சங்கப் பணியாளர்; அவருக்குச் சங்கத்தின் துணைவிதி, அதாவது சங்கம் தனக்கென வைத்திருக்கும் விதி. இந்த மூன்றையும் குழப்பாதீங்க.

மற்றவை சுருக்கமாக:

- ரேகை விழவில்லை: மஞ்சள் காட்டில் வேலை செய்து தேய்ந்த கைக்கு இது சகஜம். கையைத் துடைத்து வேறு விரல், அப்புறம் கருவிழி. ஆத்தாவை வெறும் பையோடு அனுப்பக் கூடாது.
- நடக்க முடியாதவர்: வேறொருவர் வாங்க அங்கீகாரச் சான்று உண்டு என்று எடுத்துச் சொல்லணும்.
- சோப்பு, டீத்தூளைக் கட்டாயமாகத் தலையில் கட்டுவது: கூடாது. விருப்பப்பட்டவருக்கு மட்டும்.
- புகார் சொல்பவர்: வாக்குவாதம் வேண்டாம். 1967 என்ற புகார் தொலைபேசி எண்ணை நீங்களே சொல்லுங்க.
- சொந்தக்காரர் வரிசையைத் தாண்டி வந்தால்: "சித்தப்பா, வரிசையில வாங்க." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பழகும்போது கண்ணாடி முன் பேசாதீங்க. வீட்டில் ஒருவரைக் கேட்கச் சொல்லி, ஒவ்வொரு பதிலுக்கும் "எங்கே எழுதுவீங்க?" என்று மடக்கச் சொல்லுங்க. சரக்குச் சீட்டா, இருப்புப் பதிவேடா, செயலாளருக்குக் கடிதமா என்று இடத்தின் பெயர் தயங்காமல் வாயில் வரும் வரை விடாதீங்க.