கானாடுகாத்தான் முற்றத்தில் ஒரு மத்தியானம்

காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத்தான் திருச்சி திரும்பினேன். கால்வலி போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக வகுப்புத் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். அதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த முற்றம்.

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளின் படங்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே பர்மா தேக்குத் தூண், அதே பெல்ஜியம் கண்ணாடி, அதே பூப்போட்ட தரை. கடல் கடந்து சம்பாதித்தவர்கள் வாங்கிக் குவித்த பொருட்களின் கூடம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு முதல் வீட்டு வாசலிலேயே உடைந்தது.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டைக் காவல் பார்க்கும் பெரியவர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு எங்களை உள்ளே விட்டார். "வாசல் நிலைக்கு நேரா நின்னு பாரு பாப்பா" என்றார். நின்றேன். முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும் உள்ள பகுதி), அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசலுக்குள் வாசலாகப் போய், கடைசியில் பின்தெரு வெளிச்சம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு! பிளான் வரைந்து வரைந்து கற்றுக்கொண்டதை, நின்ற இடத்திலிருந்து ஒரே பார்வையில் படிக்க முடிந்தது.

வளவுக்குள் போனபோது மணி பன்னிரண்டரை. வெளியே தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே விசிறி இல்லை, ஆனாலும் கழுத்து வியர்வை ஐந்தே நிமிடத்தில் காய்ந்துவிட்டது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே ஏறிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப, நிழலான தாழ்வாரங்களிலிருந்து காற்று வருகிறது. சுவரை டேப்பால் அளந்தேன், கிட்டத்தட்ட இரண்டடி. அதன் மேல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், பானைத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது.

வெளிச்சம் இன்னும் அருமை. வெயில் முற்றத்தில் மட்டும் விழுகிறது. அங்கே பட்டுத் திரும்பி, தாழ்வாரத்து உத்தரங்களின் அடிப்பக்கத்தைத் தொட்டு, அப்புறம்தான் அறைக்குள் போகிறது. அறைகள் சின்னவை, இருட்டும் கூட. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் குடும்பத்துக்கென்று வளவைச் சுற்றி ஓர் அறை. சாமான் வைக்கவும் தூங்கவும் அது போதும், மற்ற வாழ்க்கையெல்லாம் தாழ்வாரத்தில். இன்று நாம் ஆளுக்கொரு பெரிய படுக்கையறை கொடுத்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து உட்காரும் இடத்தை டிவிக்கு எதிரே ஒரு சோபா அளவுக்குச் சுருக்கிவிடுகிறோம். எனக்கு இது பெரிய தவறாகப் படுகிறது. என் போன செமஸ்டர் டிசைனிலும் இதைத்தான் செய்திருக்கிறேன்.

முற்றத்து விளிம்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்து ஆத்தங்குடி. அந்தப் பூப்போட்ட தரைக்கான கல் செய்யும் பட்டறையில் பார்த்ததை மறக்க முடியாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றி அச்சைத் தூக்கிவிடுகிறார்கள். அதன் மேல் காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, கலவையை வைத்து அமுக்குகிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறியே கல் இறுகுகிறது. காய்ந்ததும் கண்ணாடியை எடுத்தால் அந்த வழவழப்பு அப்படியே கல்லில் இருக்கிறது, பாலிஷ் எதுவும் வேண்டாம். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும் என்றார் அங்கிருந்த அக்கா. ஒரு கல் வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஆட்டோ. காரைக்குடியில் ஏறும்போது இரண்டு ஊரும் சுற்றிவர 900 என்று தெளிவாகப் பேசினோம். திரும்பி இறங்கியதும் வெயிட்டிங் சார்ஜ் என்று 1400 கேட்டார். கால் மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் 1200 கொடுத்தோம். ஆளுக்கு 1500 ரூபாயோடு கிளம்பிய எங்களுக்கு, கூடுதலாகப் போன அந்த 300 ராத்திரிச் சாப்பாட்டுக் காசு. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொண்டு ஏறுங்கள். கானாடுகாத்தான் மட்டும் போதும் என்றால் ஆட்டோவே வேண்டாம், திருச்சி பஸ் போகும் சாலையை ஒட்டித்தான் ஊர் இருக்கிறது. மிஞ்சிய பணத்தில் ஆளுக்கு நாலு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும். அந்தப் பசிக்கு அது அமிர்தம்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தோம். போயிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. பிரித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் சுவரோரம் சாத்தியிருந்தன. செதுக்கிய நிலை ஒன்றின் மேல் விலைச்சீட்டு. காலையில் பெரியவர் என்னை நிற்க வைத்தது இதுபோல ஒரு நிலைக்கு நேராகத்தான். இதற்குப் பின்னால் வெறும் சுவர். எங்கோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் அலங்காரமாக நிற்கப்போகிறது. வீட்டைப் பராமரிக்க ஆகும் செலவும், ஒரே வீட்டுக்கு இருக்கும் பங்காளிகளின் எண்ணிக்கையும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் வயிறு எரிந்தது. இந்த ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அப்படியிருந்தும் நிலைகள் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

கிளம்பும்போது பெரியவர் ஒன்று சொன்னார்: மழை பெய்தால் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் கொட்டும், அந்தக் காலத்தில் அண்டா வைத்துப் பிடிப்பார்களாம். அதைப் பார்க்க வேண்டும். ஐப்பசியில் மறுபடி போகிறேன், அந்த முறை ஆட்டோ இல்லாமல் பஸ்ஸிலேயே. இப்போதிருந்தே வாரம் நூறு ரூபாய் எடுத்துவைக்கிறேன்.