இயற்கைப் படங்களை எதை வைத்து அடுக்குவது?

காட்டுயிர்ப் படங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பறவைகள், பாலூட்டிகள், பூச்சிகள், தாவரங்கள் என்று கோப்புறைகளைத் திறந்து, ஒவ்வொரு படத்தையும் அதற்குரிய இடத்தில் போட்டுவைக்கிறார்கள். சில நூறு படங்கள் வரை இந்த முறை தாங்கும். அதற்கு மேல், மானின் முதுகில் அமர்ந்த மைனாவை எந்தக் கோப்புறையில் வைப்பது என்ற கேள்வி எழுகிறது. இரண்டிலும் வைத்தால் நகல்கள் பெருகும். ஒன்றில் மட்டும் வைத்தால் மற்றதில் தேடும்போது படம் அகப்படாது.

ஆகவே என் தொகுப்பில் கோப்புறைகளுக்கு நாளும் இடமும் மட்டுமே பெயராக இருக்கின்றன. 2024-11-03 என்பதுபோல ஆண்டை முதலிலும் நாளைக் கடைசியிலும் எழுதி, பின்னால் இடப்பெயரைச் சேர்த்துவிட்டால், கணினி பெயர்வரிசையில் அடுக்கும்போதே கால வரிசையும் அமைந்துவிடுகிறது. உயிரினத்தின் பெயர், அது செய்துகொண்டிருந்த செயல், வாழிடம், பருவம் ஆகிய அனைத்தும் குறிச்சொற்களாக (தேடி எடுக்க உதவும் சிறு சொற்கள், tags) படத்தோடு சேர்கின்றன. ஒரு படத்துக்கு எத்தனை குறிச்சொற்களும் இருக்கலாம் என்பதால், அந்த மைனாவின் படம், மான் என்று தேடினாலும் கிடைக்கும், பறவை என்று தேடினாலும் கிடைக்கும்.

இதற்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. படம் எடுத்த நாளும் இடமும் நடந்து முடிந்தவை. உயிரினத்தின் பெயரோ அன்றைய அறிவைக் கொண்டு நாம் எடுத்த முடிவு. விலங்குகளின் அறிவியல் பெயரிடலுக்கு ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது என்றாலும், அன்றுமுதல் இன்றுவரை பெயர்கள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. நெடுங்காலம் புபுல்கஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) ஒரே இனமாக இருந்த உண்ணிக்கொக்கை, இன்றைய முக்கியப் பறவைப் பட்டியல்கள் ஆர்டியா பேரினத்துக்கு மாற்றி, மேற்கு, கிழக்கு என இரண்டு இனங்களாகப் பிரித்திருக்கின்றன. இனப்பெயரைக் கோப்புறைக்கு வைத்தவர் எல்லாவற்றையும் கலைத்து அடுக்க வேண்டும். இடத்தைக் குறித்து வைத்தவருக்குப் பெரும்பாலும் அந்தக் குறிப்பே விடை சொல்லிவிடும்: ஆப்பிரிக்காவில் எடுத்தது மேற்கு, தென்னாசியாவில் எடுத்தது கிழக்கு.

அடையாளம் தெரியாத படங்களை அவசரப்பட்டு ஓர் இனத்தில் சேர்க்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இலைக் கதிர்க்குருவிகளில் பல, படத்தில் ஒன்றுபோலவே தெரியும். குரலைக் கேட்காமல் பிரிப்பது அரிது. அத்தகைய படத்துக்குப் பில்லோஸ்கோப்பஸ் என்று பேரினத்தோடு நிறுத்தி, ‘உறுதியில்லை’ என்ற குறிச்சொல்லையும் இடுகிறேன். குடும்பம், பேரினம், இனம் எனப் படிநிலையாகக் குறிச்சொற்களை அமைக்க டிஜிகேம் போன்ற இலவச மென்பொருள்களே இடம் தருகின்றன. தவறான இனப்பெயரை விடச் சரியான பேரினப் பெயர் பல மடங்கு பயனுள்ளது.

எதை நீக்குவது என்பதிலும் நிதானம் தேவை. அழகுக்கு நட்சத்திரங்கள் இடுவதோடு, ஆவண மதிப்புக்குத் தனியாக ஒரு குறியும் வைத்திருக்கிறேன். மங்கலான படமாக இருந்தாலும், பறவையின் காலில் உள்ள வளையமோ, குஞ்சுக்கு அது கொண்டுவரும் இரை எது என்பதோ தெரிந்தால் அதை நீக்குவதில்லை.

குறிச்சொற்கள் மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் இருந்தால், வேறு மென்பொருளுக்கு மாறும் நாளில் அத்தனை உழைப்பும் வீணாகிவிடக்கூடும். அவற்றை ஜேபெக் கோப்புக்குள்ளேயும், ரா கோப்புகளானால் (கேமரா தரும் பதப்படுத்தாத மூலக்கோப்புகள்) பக்கத்தில் குறிப்புகளை மட்டும் தாங்கும் ஓர் எக்ஸ்எம்பி கோப்பாகவும் எழுதிவைக்கும் அமைப்பை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். படத்தின் நாள் பிழையாகாமல் இருக்க, கேமராவின் கடிகாரத்தையும் பயணத்துக்கு முன் சரிபார்ப்பது நல்லது.

இவ்வளவு கவனமாகச் சேர்த்த இடக்குறிப்பு, வெளியிடும்போது அந்த உயிருக்கே ஆபத்தாகலாம். அரிய உயிரினங்களின் ஜிபிஎஸ் விவரம் வேட்டையாடுபவர்களுக்கு வழிகாட்டிவிடும் என்பதால்தான், தாம் கண்ட உயிரினங்களை மக்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் துல்லியமான இடத்தை மறைத்துக் காட்டுகிறது. நானும் மூலக்கோப்பில் முழு விவரத்தை வைத்துக்கொண்டு, கூடுகள், குகைகள், அரிய ஆர்க்கிட் செடிகள் ஆகியவற்றுக்கு ‘இடம் வெளியிடக் கூடாது’ என்ற குறிச்சொல்லை இட்டு, பகிரும் நகலிலிருந்து இடக்குறிப்பை நீக்கிவிடுகிறேன்.