ஃபோகஸ் விதிகள் மூன்றையும் விஎஸ் கோட் தீமில் செய்து படிக்க

டபிள்யூஏஎஸ் (வெப் அக்சசிபிலிட்டி ஸ்பெஷலிஸ்ட்) போன்ற அணுகல்தன்மைத் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள், டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல்தன்மை நெறிமுறையின் 2.4.7, 1.4.11, 2.4.13 ஆகிய மூன்று விதிகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது சகஜம். வரையறையை மனப்பாடம் செய்வதைவிட, தினமும் திறக்கும் விஎஸ் கோட் எடிட்டரிலேயே, விசைப்பலகையால் நகரும்போது நிற்கும் இடத்தைச் சுற்றித் தெரியும் ஃபோகஸ் கோட்டின் நிறத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் தெளிவு பிறக்கும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி, வரும் கட்டளைப் பெட்டியில் தேடிப் பயனர் செட்டிங்ஸின் ஜேசன் கோப்பைத் திறக்கவும். 'ஒர்க்பெஞ்ச்.கலர்கஸ்டமைசேஷன்ஸ்' என்ற தொகுதிக்குள், ஃபோகஸ் கோட்டின் நிறத்தைக் குறிக்கும் 'ஃபோகஸ்பார்டர்' என்ற சாவியை (அமைப்பின் பெயரை) சேருங்கள். ஆங்கிலத்தில் எஃப் சிறிய எழுத்து, பி பெரிய எழுத்து. மாறினால் வேலை செய்யாது. முதலில் மதிப்பாக #00000000 கொடுத்து, மவுஸைத் தொடாமல் எஃப்6, டேப், அம்புக்குறிகளால் நகருங்கள். கோடு மறைந்துவிடும், பல இடங்களில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. 2.4.7 கேட்பது இதைத்தான்: ஃபோகஸ் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே.

அடுத்து #999900 கொடுங்கள். டார்க் மாடர்ன் தீமில் பக்கப்பட்டையின் பின்னணி #181818. அதன்மேல் கோட்டின் கான்ட்ராஸ்ட் (ஒளிர்வு வேறுபாட்டு) விகிதம் 5.8:1, 1.4.11 கேட்கும் 3:1-ஐத் தாராளமாகத் தாண்டுகிறது. அதே நிறத்தை லைட் மாடர்னில் பாருங்கள்: வெள்ளை எடிட்டரின்மேல் 3.04, சற்றே மங்கிய பக்கப்பட்டையின்மேல் 2.86. ஒரே திரையில் ஓரிடத்தில் தேறி, பக்கத்திலேயே தவறுகிறது. ஆகவே தீமின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் வைப்பதே சரி. லைட்டுக்கு #005599 நன்றாக இருக்கும். அதே பக்கப்பட்டையில் 7-ஐத் தாண்டும்.

பலர் இடறும் இடம் கடைசி இரண்டு இலக்கங்கள். எட்டு இலக்க நிறத்தில் அவை ஒளிபுகாத் தன்மையின் அளவு. #99990080 என்றால் நிறம் பாதி கரைந்து, டார்க்கில் 5.8 என்பது 2.4 ஆகிவிடும். கணக்கிடும்போது பின்னணியோடு கலந்த நிறத்தையே எடுக்க வேண்டும்.

2.4.13 வேறு ரகம். மிகக் கடுமையான ட்ரிபிள் ஏ நிலையைச் சேர்ந்த இது, ஃபோகஸ் வருவதற்கு முன்னும் பின்னும் அதே பிக்சல்கள் 3:1 அளவுக்கு மாற வேண்டும் என்கிறது. மாறும் பரப்பும் 2 பிக்சல் தடிமனுள்ள சுற்றுக்கோட்டுக்குக் குறையக் கூடாது. விஎஸ் கோடின் கோடு 1 பிக்சல்தான், தீமால் தடிமனை மாற்ற முடியாது. எந்த நிறம் வைத்தாலும் கோட்டால் மட்டும் இதில் தேற இயலாது. வழி, பட்டியலில் ஃபோகஸ் நிற்கும் வரியின் பின்னணியையே மாற்றுவது: 'லிஸ்ட்.ஃபோகஸ்பேக்கிரவுண்ட்' #007799. டார்க் பக்கப்பட்டையோடு விகிதம் 3.4-க்கு மேல் வரும். ஆனால் அதன்மேல் சாம்பல் எழுத்து 3.2-இல் நின்று, எழுத்துக்கான 4.5-ஐ எட்டாது, 'லிஸ்ட்.ஃபோகஸ்ஃபோர்கிரவுண்ட்' வெள்ளையானால் 5.1 கிடைக்கும். தேர்ந்தெடுத்த வரிக்கு 'லிஸ்ட்.ஆக்டிவ்செலக்ஷன்பேக்கிரவுண்ட்' தனி, அதை விட்டுவிட்டு மாற்றம் வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

ஃபோகஸ்பார்டரை மாற்றியும் ஓரிடத்தில் பழைய நிறமே நின்றால், அந்தத் தீம் 'லிஸ்ட்.ஃபோகஸ்அவுட்லைன்' போன்ற குறிப்பான சாவியை வைத்திருக்கும். பொதுச் சாவியைவிட அதற்கே முன்னுரிமை. அடுத்து, ப்ராஜெக்டின் செட்டிங்ஸ் கோப்பில் அதே சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே வெல்லும்.