விரித்து வைத்தால் கண்காட்சி

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில், அகராதிக்கும் பழைய பஞ்சாங்கங்களுக்கும் நடுவே ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் விசிறிபோல் மடித்த ஒன்பது சிறு நூல்கள் உள்ளன. இயந்திரங்களுக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று என ஒவ்வொன்றும் தனித்தனி அருங்காட்சியகம். தயானிதா சிங்கின் ‘மியூசியம் பவன்’ என்னும் இத்தொகுப்பை ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் 2017இல் வெளியிட்டது. ஒரு நூலை முழுதாக விரித்து நிறுத்தினால் கூடத்துச் சுவரோரம் நெடுகக் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசைகட்டும். மடித்துவிட்டால் கண்காட்சி முடிந்தது.

தயானிதா சிங்கை ஒளிப்படக் கலைஞர் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அது தவறில்லை, ஆனால் போதாது. அவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்தவர். தபேலாக் கலைஞர் ஜாகிர் உசேனோடு ஊர் ஊராகப் பயணம் செய்து எடுத்த படங்களைக் கொண்டு, மாணவராக இருந்தபோதே தன் கையால் ஒரு மாதிரி நூலை உருவாக்கினார். அது 1986இல் அச்சாகி அவருடைய முதல் புத்தகமாயிற்று. அந்த மாதிரியே 2019இல் தனிப் பதிப்பாகவும் வந்தது. எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம், எங்கே வெற்றிடம் என்பவற்றை முடிவு செய்வது படமெடுப்பதற்குச் சற்றும் குறையாத வேலை என்பது அவருடைய தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அந்த வேலையே பிற்காலத்தில் மரமாக எழுந்து நின்றது. 2013இல் லண்டன் ஹேவர்ட் காட்சியகத்தில் அவர் வைத்தவை சுவரில் ஆணியடித்து மாட்டிய சட்டங்கள் அல்ல. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், கதவுபோல் திறந்து மூடும் தேக்கு மர அமைப்புகள். ‘தற்செயலின் அருங்காட்சியகம்’ என்பதில் மட்டும் 150க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. சில வெளியே தெரியும், மற்றவை உள்ளேயே காத்திருக்கும். நவராத்திரிக்கு நவராத்திரி கொலுப்படியில் பொம்மைகள் இடம் மாறுவதைப் போல, அடுக்கை மாற்றினால் பொருளும் மாறுகிறது. இது சிற்பமா, மரச்சாமானா, புத்தகமா என்று கேட்டால் மூன்றும் என்பேன்.

அவருடைய படங்களில் என்னை மிகவும் பிடித்து நிறுத்துவது கோப்பறைகளின் வரிசைதான். இத்தாலியின் வெனிஸில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியான பியனாலேயில், 2013இல் ஜெர்மனியின் அரங்கில் அவை இடம்பெற்றன. கூரைவரை அடுக்கிய தாள்கள், மூட்டையாகக் கட்டிய ஆவணங்கள், அவற்றின் நடுவே எதையும் தேடி எடுத்துவிடக்கூடியவர்போல் ஒரு காப்பாளர். என் தந்தை பத்திரப்பதிவு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் அந்த ரெக்கார்டு ரூமின் வாசலில் உட்கார்ந்திருந்த எனக்கு, பழந்தாளும் நாப்தலின் உருண்டையும் கலந்த மணம் இந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிறது. படத்தில் தூசியை இவ்வளவு மரியாதையோடு பார்த்தவரை நான் வேறு கண்டதில்லை.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். திறந்து மூடவென்றே செய்த அந்தத் தேக்குக் கதவுகளைக் காட்சியகத்தில் திறந்து மூடுவது கலைஞரும் அங்குள்ள ஊழியர்களுமே; பார்வையாளர் கைகட்டி நிற்கிறார். கலைப்பொருளைக் காக்கும் அக்கறை புரிகிறது. இருந்தும், கைக்காகச் செய்த பொருளைக் கண்ணுக்கு மட்டும் படைப்பதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த முரணை அச்சுப் புத்தகம்தான் தீர்க்கிறது. ‘தற்செயலின் அருங்காட்சியகம்’ நூலாக வந்தபோது உள்ளிருக்கும் 88 படங்களும் வெவ்வேறு பிரதிகளின் முன்னட்டையிலோ பின்னட்டையிலோ வரும்படி அச்சிடப்பட்டன. ஆகவே எந்த அட்டை நமக்கு வாய்க்கிறது என்பதே தற்செயல். அப்பிரதிகளைச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டினால் அதுவே கண்காட்சியாகிவிடும். மலிவான புத்தகங்கள் இல்லைதான். என் பெட்டிக்காக இரண்டு தீபாவளிகளின் புதுத்துணியை விட்டுக்கொடுத்தேன் என்று வீட்டில் இன்னும் குத்திக்காட்டுவார்கள்.

இந்த மாதம் கூடத்தில் அச்சக நூலை விரித்திருக்கிறேன். நேற்று பார்த்தபோது யாரோ அதைத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். மறுபக்கப் படங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படியே விட்டுவிட்டேன்.