போர்டை மாற்றுவதா, தண்ணீரை மாற்றுவதா

"அண்ணா, போர்டுல நாப்பதுன்னு இருக்கு, தெர்மாமீட்டர் நாப்பத்திரண்டரை காட்டுது. எதை மாத்தட்டும்?"

தென்னாப்பிரிக்காவின் பேலா-பேலாவில், வெந்நீர் ஊற்றுக் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்டது இவ்வளவுதான். "போர்டை மாத்து" என்றேன். ஈஸ்டர் விடுமுறை. இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெனேசியாவிலிருந்தும் லாடியத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் தோளில் துண்டோடு நிற்கிறார்கள். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு என் பக்கம்தான். பேலா-பேலா ஊற்று ஏறக்குறைய 53 டிகிரியில் வருகிறது. எரிமலைச் சூடு அல்ல. மழைநீர் பாறைப் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடேறித் திரும்புகிறது. அதனால் ஊற்றின் சூடு பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறாது. மாறுவது நாம் கலக்கும் பச்சைத் தண்ணீர். ஊற்று நீர் மூன்று பங்கு, 20 டிகிரித் தண்ணீர் இரண்டு பங்கு என்றால் 40-ஐ ஒட்டி நிற்கும். விடியற்காலைக் குளிருக்காக யாராவது பச்சைத் தண்ணீர் வால்வைக் குறைப்பார்கள். வெயில் ஏறியதும் அதைத் திரும்பத் திறக்க ஆள் இருக்காது. இந்தச் சிக்கல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

60,000 லிட்டர் குளத்தை 42.5-லிருந்து 40-க்கு இறக்க, சுடுநீரை அடைத்துவிட்டு ஏறக்குறைய 7,000 லிட்டர் பச்சைத் தண்ணீர் விட வேண்டும். மணிக்கு 2,000 லிட்டர் வரும் பைப்பில் மூன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை 40 என்றே போர்டு இருக்கலாமா? ஒரு எண் பொய் என்று தெரிந்தால் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். இதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை.

சந்தேகம் அந்த எண் செய்த வேலையில். சாக்பீஸால் 42.5 என்று எழுதியதும் பெஞ்சில் இருந்த ஆயா ஒருவர் எழுந்து வந்தார். "நேத்து வெறும் வெதுவெதுப்பு. இன்னிக்குத்தான் முட்டிவலி கேக்கும்." பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேளுங்கள் என்ற வரிகள் அதே போர்டில், அவர் கண்முன் இருந்தன. படிக்கத் தெரியாதவர் இல்லை. சுடுநீரில் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும்; எழுந்து படி ஏறும்போதுதான் தலை சுற்றும். ஆயா கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஏறி, மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை என்று யாரும் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

எச்சரிக்கை என்று நாம் எழுதியது அவருக்கு மருந்துச் சீட்டாகப் போனது. பலகைகளில் இது புதிதும் இல்லை. வெயிலில் முதலில் வெளிறுவது சிவப்பு மை. தலைகீழாகப் பாயாதீர்கள் என்ற படத்தில் சிவப்பு வளையமும் குறுக்குக் கோடும் போய், பாய்கிற கறுப்பு உருவம் மட்டும் மிஞ்சும். "இங்கே பாயுங்கள்" என்று சொல்லும் பலகை அது. அதனால்தான் வெயில் படும் பலகைகளை வருடந்தோறும் பார்த்து மாற்றச் சொல்கிறேன். இன்னொன்று, உடை மாற்றும் அறையிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். மூன்று மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் எழுத்தாவது வேண்டும். பன்னிரண்டு வரி எழுதினால் அந்த அளவு எங்கே வரும்? மூன்று வரி போதும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், குடித்தவர்கள் என்பதைப் படமாகப் போட்டுவிடலாம்.

ஆனால் எழுத்து பெரிதாக இருந்திருந்தால் ஆயா இறங்காமல் இருந்திருப்பாரா? தெரிந்தேதான் இறங்கினார். அப்படியானால் குளத்தை மூடியிருக்க வேண்டும், போர்டு வெறும் சாக்கு என்றாகிறது. அதையும் முழுதாக ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. மூடினால் பக்கத்தில் கலக்காத ஊற்றுத் தொட்டிக்குப் போகிறவர்கள் உண்டு. 50 டிகிரியில் ஐந்து நிமிடமே பெரியவர்கள் தோலை ஆழமாகப் புண்ணாக்கும்; குழந்தைகளுக்கு அவ்வளவு நேரமும் வேண்டாம்.

இப்போது நீர் விழும் மூலையிலும் வழியும் மூலையிலும் முழங்கை ஆழத்தில் அளந்து, எது கூடுதலோ அதைத்தான் எழுதுகிறோம். 40-ஐத் தாண்டினால் படிக்கட்டில் சங்கிலி. அந்த நேரத்தில் எண்ணை எழுதலாமா கூடாதா என்பதில் எனக்கும் தம்பிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவன் அழித்துவிடலாம் என்கிறான். நான் எழுதச் சொல்கிறேன். சங்கிலிக்கு வெளியே நின்று அதைப் படிப்பவர்கள், ஆறுவதற்குள் திறக்கச் சொல்லி எங்களைக் கேட்கிறார்கள்.