வெளிநாட்டுப் பயணமும் பூட்டில்லாத கைப்பேசியும்

குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே வாழும் பெற்றோர் பலரிடம் இருக்கும் விலையுயர்ந்த கைப்பேசி, மகனோ மகளோ சில காலம் பயன்படுத்திவிட்டு ஊருக்கு வந்தபோது கொடுத்துச் சென்றதாகவே இருக்கிறது. வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் அழைப்புக்கும் பேரக்குழந்தைகளின் படங்களைப் பார்ப்பதற்கும் அது தாராளமாகப் போதும். அதே பெற்றோர் அந்தக் கைப்பேசியோடு விமானம் ஏறும்போதுதான், அது எந்த நாட்டுச் சிம்மையும் ஏற்குமா என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியைப் பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அறுபது, எழுபது வயதில் முதன்முறையாகக் கடல் கடந்து போகிறவர்கள் அந்நிய விமான நிலையத்தில் பேச வழியின்றி நிற்கக் கூடாது.

நம் நாட்டுக் கடைகளில் விற்கப்படும் கைப்பேசிகள் பெரும்பாலும் பூட்டில்லாதவை. எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் வேலை செய்யும். 2017இல் வந்த ஜியோபோன் போல, ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்பவை இங்கே விதிவிலக்கு. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தொலைபேசி நிறுவனங்களே மாதத் தவணையிலோ பெரிய தள்ளுபடியிலோ கைப்பேசியைக் கொடுத்து, வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமலிருக்க அதைத் தம் சிம்மோடு பூட்டி வைக்கின்றன. நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பூட்டைத் திறப்பது 2013 ஜனவரி முதல் அங்கே சட்டவிரோதமாக இருந்தது. மக்கள் பெருமளவில் எதிர்த்ததைத் தொடர்ந்து 2014 ஆகஸ்டில் அந்த உரிமையைத் திருப்பித் தரும் சட்டம் வந்தது. ஆயினும் பூட்டி விற்கும் வழக்கம் அங்கே ஒழிந்துவிடவில்லை. கனடா 2017 டிசம்பரிலும் பிரிட்டன் 2021 டிசம்பரிலும் பூட்டிய கைப்பேசி விற்பனையையே தடை செய்துவிட்டன. எனவே பரிசாக வந்த கைப்பேசி எந்த நாட்டில், எந்த ஆண்டில் வாங்கப்பட்டது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

என் பெரியம்மா குன்னூரில் இருக்கிறார். பெரியப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் கொடுத்த ஐபோனை வீட்டிலும், பழைய பட்டன் போனை வெளியிலும் பெரியம்மா பயன்படுத்தி வந்தார். ஜெர்மனியில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக ஏற்பாடு நடந்தபோது, பட்டன் போனிலிருந்த சிம்மைக் கழற்றி ஐபோனில் போட்டுப் பார்த்தோம். இந்தச் சிம்மை ஏற்க முடியாது என்று திரையில் வந்தது. செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் என்று போனால் கேரியர் லாக் என்று ஒரு வரி இருக்கும். பூட்டில்லாத ஐபோனில் அங்கே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று எழுதியிருக்கும். இதில் அப்படி இல்லை. “ஏம்ப்பா, அப்ப இது வீட்டுக்குள்ள மட்டும்தான் பேசுமா?” என்று பெரியம்மா கேட்டார்.

கடைத்தெருவில் இதற்கு ஒரு குறுக்குவழி சொன்னார்கள். சிம்மின் மேல் ஒட்டிச் செருகும் காகிதம் போன்ற மெல்லிய சிப் ஒன்று கிடைக்கிறது; அது கைப்பேசியை ஏமாற்றி, தன் சொந்த நிறுவனத்தின் சிம்தான் உள்ளே இருக்கிறது என்று நம்ப வைக்கும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் கைப்பேசிக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மென்பொருள் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால் அந்தச் சிப் செயலிழக்கக்கூடும். அது நடக்கும் இடம் குன்னூராக இருந்தால் கடைக்காரரிடம் போகலாம், முனிச் விமான நிலையமாக இருந்தால் யாரிடம் போவது? நேர்வழி ஒன்றே ஒன்றுதான். கைப்பேசியை முதலில் விற்ற நிறுவனமே தன் பதிவேட்டில் பூட்டை நீக்க வேண்டும். அண்ணன் மீதமிருந்த தவணையைக் கட்டி முடித்து, ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியே உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐயைக் கொடுத்து விண்ணப்பித்தார். *#06# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். ஒப்புதல் வந்த பிறகு கைப்பேசியை வைஃபையில் இணைத்து மறுதொடக்கம் செய்ததும், பெரியம்மாவின் சிம்முக்கு சிக்னல் கிடைத்தது.

பூட்டு இல்லை என்பதாலேயே எல்லா நாட்டிலும் கைப்பேசி பேசிவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது. பெரியம்மாவின் பட்டன் போனில் எந்தப் பூட்டும் கிடையாது. ஆனால் அது 2ஜியில் மட்டும் பேசுவது. சிங்கப்பூர் தன் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இலும் ஆஸ்திரேலியா 2024 அக்டோபரிலும் 3ஜியையும் மூடிவிட்டன. இந்நாடுகளில் குரல் அழைப்பும் 4ஜி வழியாகவே போவதால், அதற்கான வோல்டி வசதி கைப்பேசியில் இருப்பதோடு, அந்த நாட்டு நிறுவனம் அந்த மாடலை ஏற்கவும் வேண்டும். அவசர உதவி எண்ணை 4ஜியில் அழைக்க இயலாத கைப்பேசிகளை ஆஸ்திரேலியாவில் இணைப்பிலிருந்தே விலக்கிவிடுகிறார்கள். அலைவரிசையும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவின் கிராமப்புறங்களில் 4ஜிக்கு 800 மெகாஹெர்ட்ஸ் பரவலாகப் பயன்படுகிறது என்பதால், வாங்கிய மாடலில் அது உண்டா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தியும் அமெரிக்க உறவினர் உள்ளவர்களுக்குத் தேவைப்படும். ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் செருகும் இடமே இல்லை; எல்லாம் கைப்பேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம்தான். இங்கே ஜியோ, ஏர்டெல், வி ஆகிய மூன்றும் இ-சிம் தருகின்றன என்பதால் அது பெரிய தடையில்லை. வெளிநாட்டு இ-சிம்மை வாங்கி, கியூஆர் குறியீட்டைக் கொண்டு ஏற்றுவதற்கு இணையம் வேண்டும் என்பதால், வீட்டிலேயே வைஃபையில் ஏற்றி வைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. ஜெர்மனியில் முன்பணச் சிம் வாங்குவதற்கு 2017 ஜூலை முதல் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். வந்திறங்கிய அலுப்பில் பாஸ்போர்ட்டைக் காட்டி அதை முடித்துக்கொள்வது வயதானவர்களுக்குச் சிரமம். பெரியம்மாவுக்கு அங்கிருந்த மகளே சிம்மை வாங்கி வைத்திருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டுச் சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில் கூடுதல் ரோமிங் கட்டணமின்றிப் பயன்படுத்தும் விதி 2017 ஜூன் 15 முதல் இருப்பதால், அதே சிம் பாரிஸ் போனபோதும் பேசியது. சுவிட்சர்லாந்து அந்த விதிக்குள் வராது. எல்லையைக் கடக்கும்போது டேட்டாவை அணைத்துவிட வேண்டும்.

வெளிநாட்டுச் சிம் வந்ததும் இந்தியச் சிம்மைக் கழற்றி வைத்துவிடுவது பலரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். புறப்படும் முன்பே சர்வதேச ரோமிங்கை நிறுவனத்தின் செயலியில் இயக்கிவிட்டு, கைப்பேசியில் இந்தியச் சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்து, டேட்டாவுக்கு வெளிநாட்டுச் சிம்மைத் தேர்ந்தெடுத்தால் போதும். குறுஞ்செய்தி வந்து சேரும், பணம் கரையாது. இந்தியச் சிம்முக்கு வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு என்பதால், உறவினர்கள் வாட்ஸ்அப்பில் மட்டும் அழைக்கட்டும்.

ரோமிங் என்பது கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து மக்களுக்குப் பழகிய சங்கதிதான். எல்லையோரத்தில் கேரளக் கோபுரத்தின் சிக்னல் வந்து, தமிழ்நாட்டுக்குள் நின்றுகொண்டே ரோமிங் கட்டணம் கட்டிய காலத்தை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியமர்ந்த குடும்பங்களுக்கு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உறவுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைக் கூடத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிச் சிம் வாங்கிக்கொள்ளலாம். இங்கே வாங்கிய சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசியே அதற்குப் போதும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பூட்டை நீக்கும் விண்ணப்பம் பெரும்பாலும் கைப்பேசியை வாங்கியவரின் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். அந்த இணைப்பை விட்டுவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறிய பிறகு கேட்டால் அலைச்சல் மிகும். ஆகவே ஊருக்குக் கொண்டுவரும் பெட்டியில் அந்தக் கைப்பேசியை வைப்பதற்கு முன்பே தவணையை முடித்துப் பூட்டை நீக்கி, வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டு ஓர் அழைப்பு பேசிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுங்கள்.